இணையம் வேகமாக இருந்தும் கடையில் வேலை ஏன் நிற்கிறது?

தராசு பிழைத்தால் வியாபாரிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். கல்லாவில் காசு குறைந்தால் இரவு கணக்குப் பார்க்கும்போது தெரிந்துவிடும். ஆனால் கடையின் இணைய இணைப்பு எங்கே பிழைக்கிறது என்பது மட்டும் எம்மில் பலருக்குத் தெரிவதில்லை. "லைன் ஸ்லோ" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அடுத்த மாதம் கூடிய விலையில் பெரிய பெக்கேஜ் ஒன்றுக்கு மாறுகிறோம். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது. அதன் பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

முன்பு இது பெரிய விடயமாக இருக்கவில்லை. இணையம் இல்லாவிட்டாலும் வியாபாரம் நடந்தது. இன்று அப்படியல்ல. காட் மெஷின் இணையத்தில் ஓடுகிறது. கியூ.ஆர். கொடுப்பனவு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும் இணையத்தில்தான். கிளைக் கடையின் இருப்பு, பில் போடும் மென்பொருள், வங்கிக் கணக்கு, வெளிநாட்டு விநியோகஸ்தருடன் கதைப்பது, சி.சி.டி.வி. கமரா எல்லாமே ஒரே வயரில் வந்து நிற்கின்றன. வாடிக்கையாளர் கையில் பொருளை வைத்துக்கொண்டு கவுண்டரில் காத்திருக்கும்போது அந்த வயர் அடைத்துக்கொண்டால் நட்டம் நமக்குத்தான்.

கடந்த 15 வருடங்களாகக் கடைகளுக்கும் சிறிய கம்பனிகளுக்கும் கணினி வலையமைப்பு அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல முடியும். இப்படியான முறைப்பாடுகளில் கணிசமானவற்றுக்குக் காரணம் இணைப்பின் அளவு போதாமை அல்ல. அந்த அளவைப் பங்கிடத் தெரியாமையே. இதைச் சரிசெய்ய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் நல்ல வசதி இருக்கிறது. தொழில்நுட்பத்தில் இதற்கு டிராபிக் ஷேப்பிங் என்று பெயர். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துதல் என்று வைத்துக்கொள்வோம். முதலாளிமார் இதைத் தம் கையால் செய்ய வேண்டியதில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று விளங்கி வைத்திருந்தால், தேவையில்லாத செலவையும் தேவையில்லாத சந்தேகங்களையும் தவிர்த்துக்கொள்ளலாம்.

வேகம் வேறு, தாமதம் வேறு

இணைய நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது கொள்ளளவை. ஒரு செக்கனில் எத்தனை மெகாபிட் போகும் என்ற கணக்கு அது. பாதை எவ்வளவு அகலம் என்பதை அது சொல்லும். ஒரு சிறிய பொதி இங்கிருந்து புறப்பட்டு அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அது சொல்லாது. இந்த இரண்டாவது விடயம்தான் தாமதம்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் ஒரு நாட்டாமி சிறிய பார்சல் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் மறுமுனைக்குப் போய்விடுவார். அதே தெருவில் பகல் 11 மணிக்கு நாலு லொறிகள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தால் அதே பார்சலுக்கு அரை மணித்தியாலம் செல்லும். தெருவின் அகலம் மாறவில்லை. முன்னால் நிற்கும் வரிசை நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

காட் மெஷின் அனுப்பும் தகவல் அந்தச் சிறிய பார்சல் போன்றது. சில கிலோபைட்டுகள் மாத்திரமே. கமரா பதிவை வெளியே அனுப்புவதும், கணக்குக் கோப்புகளைப் பெக்கப் எடுப்பதும், கைத்தொலைபேசிப் படங்கள் தானாக இணையத்தில் ஏறுவதும் லொறிகள். லொறி போகக் கூடாது என்பதல்ல. லொறிக்குப் பின்னால் பார்சல் அகப்படக் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடையின் தரவேற்றக் கொள்ளளவு செக்கனுக்கு 1 மெகாபிட், அதாவது 1000 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். மோடத்துக்குள் பொதிகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம் ஒன்று இருக்கும். அதன் அளவு 250 கிலோபைட் என்றால் 2000 கிலோபிட். அது நிரம்பியிருக்கும்போது வந்து சேரும் புதிய பொதி தன் முறை வரும்வரை 2 செக்கன் காத்திருக்க வேண்டும். காட் மெஷின் வங்கியுடன் ஒரு கொடுக்கல் வாங்கலை முடிக்க 5 தடவை போய்வர வேண்டும் என்றால் 10 செக்கன் காத்திருப்பிலேயே போய்விடும். மெஷின் பொறுமை இழந்து "தொடர்பு இல்லை" என்று காட்டும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். லைனில் எந்தப் பிழையும் இல்லை. வரிசையில்தான் பிழை.

ஒரு துணிக்கடையில் பார்த்தது

2021 இல் புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடை என்னை அழைத்தது. மூன்று மாடி. பத்துப் பன்னிரண்டு ஊழியர்கள். முற்பகல் 11 மணி தாண்டினால் காட் மெஷின் நின்றுவிடும், கிளையின் இருப்பு திரையில் வராது, சீனாவிலுள்ள விநியோகஸ்தருடன் வீடியோவில் கதைத்தால் குரல் உடைந்து உடைந்து கேட்கும். பயணம் போக முடியாத காலம் அது. துணியின் நிறத்தையும் தரத்தையும் வீடியோவில் பார்த்துத்தான் ஓடர் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கொள்கலன் சாமானின் விடயம் அந்த உடைந்த குரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி காரணத்தை ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தார். "நான் சொல்றன் தம்பி, இந்தப் பொடியன்மார் எல்லாம் போன்ல படம் பார்க்கிறாங்க. போனெல்லாம் வாங்கி லாச்சியில போட்டுப் பூட்டினா லைன் சரியாயிடும்" என்றார். குறிப்பாக, புதிதாகச் சேர்ந்த காசாளர் பையன் மீது அவருக்குக் கடும் சந்தேகம். அந்த மாதச் சம்பளத்தோடு அவனை நிறுத்திவிடுவது என்ற அளவுக்கு விடயம் போயிருந்தது. மேசையில் பெரிய பெக்கேஜுக்கான விண்ணப்பப் படிவமும் நிரப்பப்பட்டு இருந்தது.

"ஹாஜி, ஒரு நாள் பொறுங்க. முதல்ல அளந்து பார்ப்போம்" என்றேன்.

காலை 8 மணிக்குக் கடையில் யாரும் இல்லாதபோது, வெளியே ஒரு முகவரிக்குச் சிறிய பொதி அனுப்பித் திரும்பி வரும் நேரத்தைப் பார்த்தேன். கணினிக்காரர் பிங் என்று சொல்வது இதைத்தான். ஏறத்தாழ 30 மில்லி செக்கன். முற்பகல் 11.30 இற்கு அதே சோதனையில் 1800 மில்லி செக்கனைத் தாண்டியது. தரவிறக்கம் பாதி கூடப் பாவிக்கப்படவில்லை. தரவேற்றம் மட்டும் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. எந்த முகவரியிலிருந்து இவ்வளவு போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலிடத்தில் சி.சி.டி.வி. பதிவுக் கருவி. இரண்டாமிடத்தில் கணக்காளரின் கணினி பெக்கப். மூன்றாமிடத்தில் ஒரு கைத்தொலைபேசி. அது முதலாளியின் தொலைபேசி. கல்முனைக்கும் புத்தளத்துக்கும் அக்குறணைக்கும் புதுத் துணிகளின் வீடியோக்களை அவர்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பிய படங்களையெல்லாம் அந்தத் தொலைபேசி தானாகவே இன்னொரு தடவை இணையத்தில் சேமித்துக்கொண்டும் இருந்தது.

காசாளர் பையனின் தொலைபேசி பட்டியலின் அடியில் எங்கோ கிடந்தது. முதலாளி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்ப லாச்சியில போட வேண்டியது என்ட போனைத்தான்" என்றார்.

அதுவும் சரியான தீர்வல்ல. அவர் அனுப்பியது வியாபார வீடியோ. கமரா பாதுகாப்புக்கு. பெக்கப் கணக்குக்கு. எல்லாமே தேவையானவை. விண்ணப்பப் படிவத்தில் இருந்த பெரிய பெக்கேஜில் தரவிறக்கம் இரட்டிப்பாகிறதே தவிரத் தரவேற்றம் அதே 1 மெகாபிட்தான். மாதாமாதம் கூடுதலாகக் கட்டியும் காட் மெஷின் அதே இடத்தில் நின்றிருக்கும்.

உலகம் அறிந்த நோய்

இந்த நோய் எங்கள் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையில், 400 யார் தூரமே உள்ள இணைப்பில், செக்கனுக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கை விடச் சற்றுத்தான் கூட. வான் ஜேகப்சன் என்பவர் இதை ஆராய்ந்து, பொதி தொலைந்தால் அனுப்புபவர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற முறையை 1988 இல் எழுதி வெளியிட்டார். இன்றைய இணையம் அந்த அடிப்படையில்தான் நெரிசலைச் சமாளிக்கிறது.

பிற்காலத்தில் நினைவகம் மலிவானது. மோடம், ரவுட்டர் செய்வோர் பொதி எதுவும் தொலையக் கூடாது என்று நினைவகத்தைத் தாராளமாகப் போட்டார்கள். பொதி தொலையாததால் அனுப்புபவருக்கு நெரிசல் இருப்பதே தெரியவில்லை. வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது. 2010 இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தன் வீட்டில் பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது தாமதம் ஒரு செக்கனைத் தாண்டுவதைக் கண்டு தேடத் தொடங்கினார். அவர்தான் இதற்குப் பபர்புளோட் என்ற பெயரைப் பரவலாக்கினார். நினைவகம் ஊதிப் பெருத்த நோய் என்று சொல்லலாம்.

மருந்து 2012 இல் வந்தது. கெத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேகப்சன் இருவரும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பொதி நிற்கிறது என்று அது எண்ணுவதில்லை. ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லி செக்கன் காலம் முழுவதும் 5 மில்லி செக்கனுக்குக் கீழே இறங்கவேயில்லை என்றால், ஓரிரு பொதிகளைக் கைவிட்டு அனுப்புபவருக்கு மெதுவாகும்படி சைகை கொடுக்கிறது. அதே ஆண்டில் எரிக் டூமாஸே இதை நியாயமான வரிசைமுறையுடன் சேர்த்து எப்.கியூ.கோடெல் என்ற பெயரில் லினக்ஸ் 3.5 பதிப்பில் சேர்த்தார். 2018 இல் லினக்ஸ் 4.19 பதிப்பில் கேக் என்ற இன்னும் இலகுவான ஒன்று சேர்ந்தது. அதன் பிரதான ஆக்குநர் ஜொனதன் மோட்டன். இந்த முயற்சிகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பல வருடங்கள் உழைத்த டேவ் டாட் 2025 இல் காலமானார். இவர்களின் உழைப்பு இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

நெரிசலை நம் வாசலுக்குக் கொண்டுவருதல்

தீர்வின் அடிப்படை மிக எளிது. வரிசை எங்கே உருவாகிறதோ அங்கேதான் அதை ஒழுங்குபடுத்த முடியும். மோடத்துக்குள் உருவாகும் வரிசையில் எமக்கு அதிகாரம் இல்லை. எனவே மோடத்துக்கு முன்னால் லினக்ஸ் ஓடும் ஒரு பெட்டியை வைத்து, லைனின் உண்மையான கொள்ளளவை விடச் சற்றுக் குறைவாக அதை ஓடவிட வேண்டும். அப்போது மோடத்தில் வரிசை சேராது. வரிசை எங்கள் பெட்டியில் சேரும். அங்கே யார் முன்னால், யார் பின்னால் என்று நாமே தீர்மானிக்கலாம்.

அந்தத் துணிக்கடையில் தரவேற்றத்தை 1000 இலிருந்து 850 கிலோபிட்டாகவும், தரவிறக்கத்தை 16 மெகாபிட்டிலிருந்து 14 ஆகவும் குறைத்து வைத்தேன். "காசு கொடுத்து வாங்கினதை நீங்களே குறைக்கிறீங்களே" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நூற்றுக்கு 15 வீதத்தை விட்டுக்கொடுத்து மீதி 85 ஐ ஒழுங்காக அனுபவிப்பது இலாபமா, 100 ஐயும் வைத்துக்கொண்டு கவுண்டரில் ஆட்களை நிறுத்திவைப்பது இலாபமா? அன்றைக்குப் பின்னேரம் கமராவும் பெக்கப்பும் ஒன்றாக ஓடும்போதே பிங் நேரம் 60 மில்லி செக்கனைத் தாண்டவில்லை. பெரிய பெக்கேஜ் படிவம் கிழிக்கப்பட்டது. காசாளர் பையன் வேலையில் நின்றான்.

பங்குக் கணக்கு

பங்கிடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி எச்.டி.பி. எனப்படுவது. செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் தெவேரா எழுதியது. 2002 இலிருந்து லினக்ஸில் இருக்கிறது. இது பங்காளிகளின் கணக்குப் போன்றது. ஒவ்வொரு பங்காளிக்கும் உத்தரவாதமான ஒரு பங்கு உண்டு. ஒருவர் தன் பங்கைப் பாவிக்காதபோது மற்றவர் அதைக் கடனாக எடுக்கலாம். உரியவர் வந்து கேட்டவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

850 கிலோபிட்டை இப்படிப் பிரிக்கலாம். காட் மெஷினுக்கும் இணையத் தொலைபேசிக்கும் 200. பில் மென்பொருளுக்கும் அலுவலக வேலைக்கும் 300. பொதுப் பாவனைக்கு 250. பெக்கப்புக்கும் கமராவுக்கும் 100. கூட்டினால் சரியாக 850. இந்தக் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உத்தரவாதம் பொய்யாகிவிடும். பத்து இலட்சம் முதலை வைத்துக்கொண்டு பன்னிரண்டு இலட்சத்துக்குக் காசோலை எழுதுவது போன்றது அது. வேறு யாரும் பாவிக்காத இரவில் பெக்கப் 850 வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். பகலில் காட் மெஷின் வந்து கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும்.

குரல் அழைப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதையும் கணக்கிட முடியும். ஜி.711 என்ற வழமையான முறையில் செக்கனுக்கு 50 பொதிகள், ஒவ்வொன்றும் 200 பைட். ஆகவே ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 80 கிலோபிட். லைனின் மேலதிக உறைகளையும் சேர்த்தால் 100 ஐத் தாண்டலாம். 200 ஒதுக்கினால் ஓர் அழைப்பும் காட் மெஷினும் நிம்மதியாக ஓடும்.

இரண்டாவது வழி கேக். இதில் இவ்வளவு பிரித்து எழுத வேண்டியதில்லை. மொத்தக் கொள்ளளவை மட்டும் சொன்னால் போதும். கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் அதுவே நியாயமாகப் பங்கிடும். ஒரு கணினி ஐம்பது இணைப்புகளைத் திறந்து வைத்திருந்தாலும் அதற்கு ஒரு கருவியின் பங்குதான். கடைகளில் பல கருவிகள் ஒரே வெளி முகவரியின் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதால், நாட் என்ற தெரிவை இயக்கிவைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும். சிறிய கடைக்கு என் சிபாரிசு கேக். இன்ன வேலைக்கு இவ்வளவு என்று கட்டாயம் ஒதுக்க வேண்டிய இடத்துக்கு எச்.டி.பி., அதன் ஒவ்வொரு பங்கின் உள்ளேயும் எப்.கியூ.கோடெல்.

சீராக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, அளவு. வைபையில் அளக்க வேண்டாம். கேபிளைச் செருகி அளக்க வேண்டும். காலை, பகல், இரவு என்று மூன்று நேரத்திலும் இரண்டு மூன்று நாட்களுக்கு அளந்து, அவற்றில் குறைந்த அளவை எடுக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 90 வீதத்தில் ஆரம்பிக்கலாம். பிறகு லைனை நிரப்பிவிட்டுப் பிங் பார்க்க வேண்டும். தாமதம் ஏறினால் 5 வீதம் குறைக்க வேண்டும். ஏறாவிட்டால் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம். இரண்டு திசைகளையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சாக்கின் எடை. அரிசி மூடையை நிறுக்கும்போது சாக்கின் எடையைக் கழிக்கிறோம் அல்லவா? பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் சாமான் சிறிய கூடுகளில்தான் போகிறது. ஒவ்வொரு 53 பைட் கூட்டிலும் 48 பைட்தான் சரக்கு. ஏறத்தாழ 9.4 வீதம் சாக்குக்கே போகிறது. 40 பைட்டுள்ள சின்னப் பொதிகூட மற்ற உறைகளோடு சேர்ந்து 2 கூடுகளைப் பிடித்து 106 பைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். லைன் எந்த வகை என்று லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் இந்த எடையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும். சொல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். பைபர் லைனில் இந்தக் கூடுகளின் கணக்கு இல்லை.

மூன்றாவது, பெரிய மூட்டைகள். கணினியின் வலையமைப்பு அட்டை வேலையை மிச்சப்படுத்தப் பல பொதிகளை ஒன்றாகக் கட்டி 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாகக் கொடுக்கும். 850 கிலோபிட் லைனில் அந்த ஒரு மூட்டை கடந்துபோகவே 0.6 செக்கன் ஆகும். அதுவரை காட் மெஷின் காத்திருக்க வேண்டும். எச்.டி.பி. பாவிப்பவர்கள் அட்டையின் இந்த வசதியை நிறுத்திவைப்பது நல்லது. கேக் தானாகவே மூட்டையை அவிழ்த்துவிடும்.

நான்காவது, மெதுவான லைனுக்கு 5 மில்லி செக்கன் என்ற இலக்கு பொருந்தாது. 850 கிலோபிட்டில் 1500 பைட்டுள்ள முழுப் பொதி ஒன்று போகவே 14 மில்லி செக்கன் எடுக்கும். எனவே எப்.கியூ.கோடெலில் இலக்கை 15 அல்லது அதற்குச் சற்று மேல் வைக்க வேண்டும். கேக் இதையும் தானே பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது, உள்ளே வரும் போக்குவரத்து. வெளியே போவதை நாம் வாசலில் நிறுத்தலாம். உள்ளே வருவது லைனைக் கடந்து வந்துவிட்ட பிறகுதான் எமக்குத் தெரியும். அங்கே செய்யக்கூடியது சில பொதிகளைத் தாமதிப்பதும் கைவிடுவதும்தான். அதைக் கண்டு அனுப்புபவர் மெதுவாகிறார். இந்த வேலைக்கு ஐ.எப்.பி. என்ற கற்பனை வாசல் ஒன்று லினக்ஸில் உண்டு. இது மறைமுகமான கட்டுப்பாடு என்பதால் தரவிறக்கத்தில் சற்றுக் கூடுதலாகவே விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

ஆறாவது, மின்சாரம் போய் வந்தால் அமைப்பு அழிந்துவிடக் கூடாது. கட்டளையைக் கையால் கொடுத்துவிட்டு எழுந்துபோகும் தொழில்நுட்பவியலாளர்களும் உண்டு. பெட்டியை ஒரு தடவை நிறுத்தித் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே இது பயன்படாது?

பங்கீடு இருப்பதைக் கூட்டாது. 850 கிலோபிட்டில் மூன்று தெளிவான வீடியோ அழைப்புகளை ஒரே நேரத்தில் நடத்த முடியாது. அப்படித் தேவையென்றால் லைனைப் பெரிதாக்கத்தான் வேண்டும். அப்போதும் தரவேற்றம் எவ்வளவு என்று கேட்டே வாங்க வேண்டும்.

4ஜி போன்ற கம்பியில்லா இணைப்புகளில் கொள்ளளவு மணிக்கு மணி மாறும். நிலையான ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு நேரம் சரியாகவும் இன்னொரு நேரம் பிழையாகவும் இருக்கும். நெரிசல் நேரத்து அளவை எடுத்து வைத்தால் ஓரளவு தப்பலாம். வைபை சமிக்ஞை மேல் மாடிக்குப் போகாத பிரச்சினையையும் இது தீர்க்காது. மிக வேகமான பைபர் லைனுக்கு மலிவான ரவுட்டரின் சக்தி போதாமல் அதுவே தடையாகிவிடவும் கூடும். லைன் ஒருபோதும் நிரம்பாத கடைக்கு இந்த வேலையே தேவையில்லை.

செலவைப் பொறுத்தவரை மென்பொருளுக்குக் காசு இல்லை. பழைய கணினி ஒன்றில் இரண்டாவது வலையமைப்பு அட்டையைப் போட்டுச் செய்யலாம். அல்லது ஓபன் டபிள்யூ.ஆர்.டி. என்ற லினக்ஸ் ஏற்றக்கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கலாம். அதில் எஸ்.கியூ.எம். என்ற பொதி கிடைக்கிறது. கட்டளை எழுதத் தெரியாதவரும் பக்கத்தில் எண்களை நிரப்பியே கேக்கை அமைக்கலாம். கணினி என்றால் நாள் முழுக்க மின்சாரம் இழுக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ரவுட்டருக்கு அந்தச் செலவு குறைவு.

வேலைக்கு ஆளை எடுக்கும்போது

வர்த்தக சகோதரர்கள் இந்த வேலைக்கு யாரையாவது அழைக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். லைன் நிரம்பியிருக்கும்போது பிங் எவ்வளவு என்று இப்போதும், வேலை முடிந்த பிறகும் அளந்து காட்டுவீர்களா? தரவேற்றத்தையும் தரவிறக்கத்தையும் தனித்தனியாகச் சீராக்குவீர்களா? மின்சாரம் போய் வந்தாலும் அமைப்பு நிற்குமா? கொடுத்த எண்களையும் கடவுச்சொல்லையும் எழுதி என்னிடம் தருவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். ரவுட்டரின் கடவுச்சொல் கடைத் திறப்பு மாதிரி. அது முதலாளியின் கையில் இருக்க வேண்டும்.

அழைப்பதற்கு முன் நீங்களே ஒரு வேலை செய்யலாம். நாளைக் காலை கடை திறந்தவுடன் ஒரு தடவையும், வியாபாரம் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் ஒரு தடவையும் பிங் நேரத்தைப் பார்த்துக் கணக்குக் கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் உங்கள் லைன் நலமாக இருக்கிறது. வேறு இடத்தில் பிழையைத் தேடலாம். இரண்டாவது எண் முதலாவதைப் போல் பத்து மடங்கு என்றால் உங்களிடம் இருப்பது வரிசைப் பிரச்சினை. அந்த இரண்டு எண்களும் கையில் வரும்வரை பெரிய பெக்கேஜுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஊழியர் எவரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம்.